அடிப்பதற்கு முன் ஒரு வரி
பத்தாம், பதினொன்றாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கணித ஆசிரியர்களே,

பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளையும் பதினொன்றாம் வகுப்பில் சார்புகளையும் எடுக்கும் உங்களிடம் ஒரு குறையை நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் காரணிப்படுத்துவதில் கெட்டிக்காரர்கள். மேலும் கீழும் ஒரே காரணி தெரிந்தால் போதும், பேனா இரண்டையும் அடித்துவிடுகிறது. அடித்தபின் வரும் விடையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த விடை எந்தெந்த எண்களுக்குச் செல்லும், எங்கே செல்லாது என்று கேட்டால் விழிக்கிறார்கள். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நுண்கணிதம் எடுக்கும் நான் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். என் வகுப்பில் வைத்து இதைத் திருத்தலாம்தான். ஆனால் அதற்குள் கை பழகிவிடுகிறது. பழக்கம் தொடங்கும் இடம் உங்கள் கரும்பலகை என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு கணக்கை வைத்தே பேசுவோம். மாறியை இங்கே ‘ய’ என்று எழுதுகிறேன். உங்களுக்குப் பழகிய எக்ஸாகவே படித்துக்கொள்ளுங்கள். ய² − ய − 6 என்ற சார்பை ய² − 9 என்ற சார்பால் வகுத்து, கிடைக்கும் சார்பின் மதிப்பகத்தைக் காண வேண்டும். மாணவர் எழுதுவது இது: மேலே (ய − 3)(ய + 2), கீழே (ய − 3)(ய + 3). இரண்டு (ய − 3)-உம் அடிபடுகின்றன. மிச்சம் (ய + 2)/(ய + 3). பிறகு, ‘பகுதி பூச்சியமாகக் கூடாது, எனவே ய ≠ −3’ என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டு முடிக்கிறார்.

3 எங்கே போயிற்று? கேள்வியில் உள்ள வடிவில் 3-ஐப் போட்டுப் பாருங்கள். மேலே 9 − 3 − 6, பூச்சியம். கீழே 9 − 9, அதுவும் பூச்சியம். மதிப்பு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. அதே 3-ஐச் சுருக்கிய வடிவில் போட்டால் 5/6 என்று விடை வருகிறது. கேட்கப்பட்ட சார்புக்கு அந்த இடத்தில் மதிப்பே கிடையாது; விடையாக எழுதிய சார்புக்கு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாணவர் சமக்குறி போட்டிருக்கிறார். நீங்களும் நானும் அதைத் திருத்தாமல் முழு மதிப்பெண் போட்டால், இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாகவே ஆகும்.

−3, 3 இரண்டுமே விலக்க வேண்டிய எண்கள்தான் என்றாலும் இரண்டின் குணமும் வேறு. −3-க்குப் பக்கத்தில் போனால் சார்பு கட்டுக்கடங்காமல் ஓடுகிறது: −2.99-இல் மதிப்பு −99, −3.01-இல் 101. வரைபடத்தில் அங்கே செங்குத்தாக ஒரு தொலைத்தொடுகோடு நிற்கும். 3-க்குப் பக்கத்தில் அப்படி எந்தக் கலவரமும் இல்லை. 2.99-இல் 0.8331, 3.01-இல் 0.8336, இரு பக்கமிருந்தும் மதிப்பு அமைதியாக 5/6-ஐ நோக்கி வருகிறது. ஆனால் சரியாக 3-க்கு நேரே ஒரே ஒரு புள்ளி இல்லை. −3-ஐ மாணவர் தவறவிடுவது அரிது, ஏனென்றால் சுருக்கிய பிறகும் அது பகுதியில் கண்ணுக்குத் தெரிகிறது. 3 அடிபட்ட காரணியோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. சொல்லிக்கொடுக்க வேண்டியது மறைகிற எண்ணைத்தான்; நம் வகுப்பறைகளிலோ மறையாத எண்ணுக்குத்தான் பயிற்சி நடக்கிறது.

வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்துவிட்டால் பத்திரத்தில் இருக்கிற வில்லங்கம் தீர்ந்துவிடுமா? சார்பைச் சுருக்குவதும் அப்படித்தான். தோற்றம் மாறும்; பிறக்கும்போதே அதன்மேல் இருந்த தடை கூடவே வரும்.

இதற்கு உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பத்தாம் வகுப்புப் பாடநூல், விகிதமுறு கோவையை மிக எளிய வடிவுக்குக் கொண்டுவந்தபின் அதை வரையறுக்க முடியாமல் செய்யும் மதிப்பைத்தான் விலக்கப்பட்ட மதிப்பு என்கிறது. அந்த வரையறைப்படி மேலே பார்த்த கணக்கில் −3 மட்டும்தான் விலக்கப்பட்ட மதிப்பு. அந்தப் பாடத்துக்குள் அது தவறும் இல்லை. கோவைகளை வெறும் கோவைகளாகப் பார்த்தால், குறுக்குப் பெருக்கல் சமமாக வரும் இரண்டு பின்னங்கள் சமம். அவற்றில் எந்த எண்ணையும் போட்டுப் பார்க்கும் பேச்சே அங்கு இல்லை. சிக்கல் அடுத்த ஆண்டு வருகிறது. பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்திலேயே அதே பின்னம் சார்பாக வந்து நிற்கிறது. சார்பு என்றாலே எந்தக் கணத்தில் இருந்து எண்ணை எடுக்கிறோம் என்பதும் அதன் அங்கம். அங்கே விதி வேறு: இரண்டு சார்புகளின் மதிப்பகங்களுக்கும் பொதுவான எண்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் வகுக்கும் சார்பைப் பூச்சியமாக்கும் எண்களை நீக்க வேண்டும். சுருக்குவதைப் பற்றி இந்த விதி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பத்தாம் வகுப்பில் ‘சுருக்கிவிட்டுப் பார்’ என்று பழகிய பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் ‘பார்த்துவிட்டுச் சுருக்கு’ என்று மாற வேண்டும். இந்த மாற்றத்தை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். (ய + 1)/(ய − 2) என்பதை (ய − 3)/(ய + 4) என்பதால் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். விடை (ய + 1)(ய + 4)/((ய − 2)(ய − 3)). பகுதியைப் பார்த்து, 2-உம் 3-உம் ஆகாது என்று எழுதுவார்கள். −4-ஐ எழுதுகிறவர் வகுப்புக்கு ஓரிருவர் இருந்தால் பெரிது. ஆனால் கேள்வியில் (ய + 4) பகுதியில்தான் இருந்தது. −4-ஐப் போட்டால் வகுக்கும் பின்னத்துக்கே மதிப்பு இல்லை. இல்லாத ஒன்றால் எப்படி வகுப்பது? தலைகீழாக்கியபோது (ய + 4) மேலே ஏறிக்கொண்டு ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்த வகைக் கணக்கில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: முதல் பின்னத்தின் பகுதி, இரண்டாம் பின்னத்தின் பகுதி, இரண்டாம் பின்னத்தின் தொகுதி. மூன்றாவதைப் பார்ப்பது ஏனென்றால், வகுக்கும் பின்னம் முழுவதுமே பூச்சியமாகிவிடக் கூடாது. இந்த மூன்றையும் தலைகீழாக்குவதற்கு முன்பே எழுதிவிட்டால் எதுவும் தப்பாது.

காரணிகளை அடிக்காமலேயே மதிப்பகம் மாறிப்போகும் இடமும் உண்டு. √ய என்பதை √(ய − 3) என்பதால் வகுக்கிறோம். முதலாவதற்கு ய பூச்சியமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இரண்டாவதற்கு 3-உம் அதற்கு மேலும். வகுக்கும் சார்பு என்பதால் 3-உம் கழிகிறது. ஆக, 3-ஐவிடப் பெரிய எண்கள் மட்டுமே. இதையே ஒரே மூலக்குறிக்குள் சேர்த்து √(ய/(ய − 3)) என்று எழுதியபின் மதிப்பகம் கேட்டால், −1-உம் உள்ளே வந்துவிடுகிறது: −1-ஐ −4-ஆல் வகுத்தால் 1/4, அதன் மூலம் 1/2. முதலில் கேட்ட வடிவில் −1-ஐப் போட்டால் மேலும் கீழும் குறையெண்ணின் வர்க்கமூலம். மெய்யெண்களுக்குள் அதற்கு இடமில்லை. ஒரு குறியை நீட்டிப் போட்டதால் சார்பின் எல்லை விரிந்துவிட்டது. விடை அழகாக இருக்கிறது என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

‘இந்த ஒரு புள்ளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று உங்களில் சிலர் கேட்கலாம். அந்த ஒரு புள்ளியின் மேல்தான் பதினொன்றாம் வகுப்பின் எல்லைப் பாடமும் வகைநுண்கணிதமும் நிற்கின்றன. மேலிருந்து விழும் கல் ய நொடியில் தோராயமாக 5ய² மீட்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 நொடியில் 20 மீட்டர். 2-ஆம் நொடிக்கும் ய-ஆம் நொடிக்கும் இடையே சராசரி வேகம் (5ய² − 20)/(ய − 2). சுருக்கினால் 5(ய + 2). இங்கே ய ≠ 2 என்ற நிபந்தனை வெறும் சம்பிரதாயம் இல்லை. சராசரி எடுக்கக் கொஞ்சமாவது நேரம் கழிய வேண்டும் என்பதை அது சொல்கிறது. நேரமே கழியாமல் சராசரி வேகம் கிடையாது. ஆனாலும் ய 2-ஐ நெருங்க நெருங்க அந்த மதிப்பு நொடிக்கு 20 மீட்டரை நெருங்குகிறது. அதைத்தான் அந்தக் கணத்தின் வேகம் என்கிறோம். அந்தப் புள்ளியில் மதிப்பு இல்லை, ஆனால் அதை நெருங்கும்போது ஒரு மதிப்பை நோக்கிப் போகிறது என்ற இந்த வித்தியாசம் புரியாத மாணவருக்கு எல்லை என்ற கருத்தே வீண்வேலையாகத் தெரியும். ‘அடித்துவிட்டு 2-ஐப் போட்டால் 20 வருகிறது, இதற்கு எதற்கு சார் எல்லை?’ என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கற்றுவந்த முறைப்படி அந்தக் கேள்வியில் பிழையே இல்லை. ய ≠ 2 என்ற வரியை அவர்கள் ஒருநாளும் எழுதியதில்லை.

இந்த இடத்தில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 628-இல் பிரம்மகுப்தர் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றார். 9-ஆம் நூற்றாண்டில் மகாவீரர், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அந்த எண் மாறாது என்றார். 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கி, வந்ததோடு அதில் பாதியைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, பூச்சியத்தால் வகுத்தால் 63, எண் எது? அவர் பெருக்கிய பூச்சியத்தையும் வகுத்த பூச்சியத்தையும் அடித்துவிட்டு 14 என்கிறார். 14-உம் அதில் பாதி 7-உம் சேர்ந்து 21, மும்மடங்கு 63. பெருக்கியதும் வகுத்ததும் மெய்யாகவே பூச்சியம் என்றால் 14-க்குப் பதில் எந்த எண்ணைப் போட்டாலும் பூச்சியத்தின் கீழ் பூச்சியம்தான். கணக்குக்கே பொருள் இல்லை. பூச்சியத்தை நெருங்கும், ஆனால் பூச்சியமாகாத ஓர் அளவு என்று கொண்டால் 14 மிகச் சரி. ஐரோப்பாவிலும் இதே சண்டைதான். 1734-இல் பெர்க்லி என்ற ஆயர் நியூட்டன் வழியினரைப் பார்த்துக் கேட்டதன் சாரம் இது: வகுக்கும்போது பூச்சியம் இல்லை என்கிறீர்கள், வகுத்து முடித்ததும் பூச்சியம் என்று தூக்கி எறிகிறீர்கள், இரண்டில் எது உண்மை? 1821-இல் கோஷி எல்லை என்ற கருத்தின்மேல் நுண்கணிதத்தைக் கட்டிய பிறகுதான் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் உருவாகத் தொடங்கியது. இத்தனை நூற்றாண்டு மனிதர்களைத் திணறடித்த விஷயத்தை, பேனாவால் அடித்துவிட்டுப் போ என்று ஒரே நிமிடத்தில் கடந்துவிடுகிறோம்.

சமன்பாடுகளிலும் இதே பழக்கம் இரண்டு விதமாகக் கடிக்கிறது. ய² = 5ய என்றதும் இருபுறமும் ய-ஆல் வகுத்து 5 என்று எழுதுகிறவர், 0 என்ற மூலத்தைத் தொலைக்கிறார். ய/(ய − 3) = 3/(ய − 3) என்பதில் பகுதியைப் பெருக்கி நீக்கி ய = 3 என்று எழுதுகிறவர், இல்லாத மூலத்தைக் கொண்டுவருகிறார். வகுக்கும் முன் ‘இது பூச்சியமாகுமா?’ என்று கேட்டிருந்தால் முதலாமவர் தப்பியிருப்பார். தொடங்கும் முன் ‘ய ≠ 3’ என்று எழுதியிருந்தால் இரண்டாமவர், தீர்வே இல்லை என்று துணிந்து சொல்லியிருப்பார்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்பதும் தெரியும். போர்ஷன் முடிக்கவே நாள் போதவில்லை என்பீர்கள். நான் கேட்பது புதிய பாடம் இல்லை. இருக்கிற கணக்கில் ஒரு வரி. காரணிப்படுத்திய பிறகு அந்த வரியை எழுதச் சில நொடிகள் போதும், ஏனென்றால் காரணிகள் கண்முன்னே இருக்கின்றன. மெல்லக் கற்கும் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்பீர்கள். அவர்களைக் குழப்புவது நிபந்தனை அல்ல. ஒரு வகுப்பில் அடிக்கலாம் என்றும் அடுத்த வகுப்பில் அடிக்கக் கூடாது என்றும் காரணம் சொல்லாமல் மாற்றிச் சொல்வதுதான். ‘கீழே உள்ளது எப்போது பூச்சியமாகும்?’ என்ற கேள்வி அவர்களும் பதில் சொல்லக்கூடிய கேள்வி. விடைக்குறிப்பில் அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை என்பீர்கள். இதுதான் வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண் வராத வரியை நம் பிள்ளைகள் எழுதமாட்டார்கள். ஆனால் பொதுத்தேர்வின் விடைக்குறிப்பு உங்கள் கையில் இல்லாவிட்டாலும் வகுப்புத் தேர்வும் திருப்புதல் தேர்வும் உங்கள் கையில்தானே இருக்கின்றன?

ஆகவே உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. முதலாவது, கரும்பலகையில் எந்தக் காரணியை அடிப்பதற்கும், எந்தப் பின்னத்தைத் தலைகீழாக்குவதற்கும் முன்னால், ஆகாத எண்களை ஒரு வரியாக எழுதுங்கள். கடைசி வரியில் விடைக்குப் பக்கத்தில் அதை மறுபடியும் எழுதுங்கள். (ய + 2)/(ய + 3), ய ≠ 3, ய ≠ −3 என்று சேர்ந்தே வரட்டும். நிபந்தனை இல்லாத விடை முழு விடை அல்ல என்பது அவர்கள் கண்ணுக்குப் பழக வேண்டும்.

இரண்டாவது, பத்தாம் வகுப்பில் விலக்கப்பட்ட மதிப்பு கேட்டால் பாடநூல் சொல்கிறபடியே விடை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணில் விளையாட வேண்டாம். ஆனால் வகுப்பில் இன்னொரு கேள்வியையும் கூடவே கேளுங்கள்: ‘கொடுத்த வடிவிலேயே போட்டுப் பார்த்தால் எந்தெந்த எண்கள் உதைக்கும்?’ இரண்டு விடைகளும் வேறுபடும் கணக்குகளில், ஏன் வேறுபடுகின்றன என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். கைப்பேசியிலோ ஆய்வகக் கணினியிலோ ஜியோஜீப்ரா இருந்தால் நம் கணக்கை அதில் வரைந்து காட்டுங்கள். 3-க்கு நேரே கோட்டில் எந்தக் குறையும் தெரியாது. பிறகு 3-இல் சார்பின் மதிப்பைக் கேளுங்கள். எண்ணுக்குப் பதில் ஒரு கேள்விக்குறி வரும். நாம் அரைமணி நேரம் விளக்குவதை அந்தக் கேள்விக்குறி விளக்கிவிடும்.

மூன்றாவது, உங்கள் தேர்வுகளில் அந்த வரிக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். ஐந்து மதிப்பெண் கணக்கில் ஒன்று போதும். இரண்டு தேர்வுகளில் அந்த ஒன்று குறைந்தால் மூன்றாவது தேர்வில் யாரும் மறக்கமாட்டார்கள்.

நான்காவது, உங்களில் பாடநூல் எழுதும் குழுவிலோ வினாத்தாள் தயாரிக்கும் குழுவிலோ இருப்பவர்களுக்கு: விலக்கப்பட்ட மதிப்பின் வரையறைக்கு அடியில் ஒரு வாக்கியம் சேர்க்க முயலுங்கள். சுருக்கும்போது மறைந்த காரணியைப் பூச்சியமாக்கும் எண், கொடுத்த வடிவுக்கும் சார்புக்கும் ஆகாத எண்ணே என்று மாணவருக்கு நினைவூட்டும் ஒரு வாக்கியம். பதினொன்றாம் வகுப்பு வினாத்தாளில் மதிப்பகம் கேட்கும்போது, காரணி மறைகிற கணக்கு ஒன்றையாவது கொடுங்கள். தேர்வில் கேட்பதைத்தான் வகுப்பில் நடத்துவோம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை.

இந்தக் கல்வியாண்டில் விகிதமுறு கோவைகளின் முதல் வகுப்பை எடுக்கும் அன்றே இதைத் தொடங்குங்கள். உங்களுக்கு அது கணக்குக்கு ஒரு வரி. எங்களிடம் வரும்போது, எல்லை என்றால் என்ன என்று கேட்பதற்குத் தயாரான ஒரு மாணவர்.

இப்படிக்கு,
முதலாண்டு மாணவர்களுக்கு நுண்கணிதம் எடுக்கும் ஒரு சக ஆசிரியர்